பால் பைத்தானுக்குப் பகலும் இரவும்: வீட்டுக்குள் வளரும் பாம்புக்கு விளக்கு அமைக்கும் முறை

செங்கோட்டையில் சாரல் பிடித்துவிட்டால், ஆரியங்காவுக் கணவாய் வழியே ஏறி வரும் மேகம் உச்சிப்பொழுதையே அந்திபோல் ஆக்கிவிடும். அந்த நாட்களில் ஓட்டு வீட்டின் உள்ளறைக் கண்ணாடித் தொட்டியில் கிடக்கும் பாம்புக்கு எப்போது விடிந்தது, எப்போது இருட்டியது என்பதே தெரியாமல் போகும். அதைத் தெரியவைப்பதுதான் விளக்கின் முதல் வேலை. சூடு தருவது வேறு வேலை. இரண்டையும் ஒரே பல்பிடம் ஒப்படைப்பதால்தான் பெரும்பாலான தவறுகள் நேர்கின்றன.

விளக்கு வாங்கும் முன் ஒன்றைத் தெளிவாகச் சொல்லிவிட வேண்டும். சாரை, மலைப்பாம்பு போன்ற நம் நாட்டுப் பாம்புகளை வீட்டில் வளர்ப்பதை 1972-ஆம் ஆண்டின் வனவுயிர்ப் பாதுகாப்புச் சட்டம் தடை செய்கிறது. வெளிநாட்டு இனமான பால் பைத்தானை (Ball python, பந்துபோல் சுருண்டுகொள்ளும் ஆப்பிரிக்க மலைப்பாம்பு) வைத்திருப்பவர்கள், 2024-இல் வந்த விதிகளின்படி, மத்திய சுற்றுச்சூழல் அமைச்சகத்தின் பரிவேஷ் இணையதளத்தில் அதைப் பதிவு செய்திருக்க வேண்டும்.

பால் பைத்தானின் தாயகமான கானா, டோகோ, பெனின் நாடுகள் ஏறத்தாழ நம் அட்சரேகையை ஒட்டியே அமைந்திருப்பது நமக்கு வசதி. செங்கோட்டையில் ஆண்டின் மிக நீண்ட பகலுக்கும் மிகக் குறுகிய பகலுக்கும் ஒரு மணி நேரம்தான் வித்தியாசம். அங்கும் கிட்டத்தட்ட அவ்வளவே. ஆகவே காலை ஆறரைக்கு எரிந்து மாலை ஆறரைக்கு அணையும்படி ஒரு டைமரைப் பொருத்தினால், ஆண்டு முழுவதும் அதை மாற்றவே வேண்டாம். தொட்டியின் மேல் வைக்கும் சாதாரண வெள்ளை எல்இடி டியூப் இதற்குப் போதும். அது அதிகம் சூடாகாது என்பதால் சித்திரை வெயிலிலும் தயங்காமல் எரியவிடலாம்.

ஜன்னல் வெயிலே போதும் என்று நானும் ஒரு காலத்தில் நினைத்தேன். மேற்கு ஜன்னலோரம் தொட்டியை வைத்திருந்தேன். சாரல் விட்டு வெயில் அடித்த ஒரு மாலையில் வந்து பார்த்தபோது, உள்ளே இருந்த வெப்பமானி 39 டிகிரி காட்டியது. பாம்பு தண்ணீர்ச் சட்டியைச் சுற்றி இறுகிக் கிடந்து, மூக்கை மட்டும் மூடியின் வலையில் அழுத்தியிருந்தது. கையில் எடுத்தபோது அதன் உடம்பில் இருந்த சூட்டை இன்னும் மறக்க முடியவில்லை. நல்லவேளையாகப் பிழைத்துக்கொண்டது. கண்ணாடித் தொட்டியை நேர் வெயிலில் ஒருபோதும் வைக்காதீர்கள்.

வெயிலில் உள்ள புற ஊதாக் கதிரின் ஒரு வகையான யுவிபியைத் தரும் விளக்கு கட்டாயம் இல்லை. முழு இரையாக எலியைத் தின்னும் பாம்புக்கு வைட்டமின் டி அதிலிருந்தே கிடைத்துவிடுகிறது. ஆயினும் மென்மையான யுவிபி கொடுப்பது நல்லது என்பதே என் கருத்து. வைப்பதானால், குறைந்த வீரியமுள்ள டியூப்பைத் தொட்டியின் ஒரு பாதிக்கு மட்டும் வையுங்கள். மறுபாதி நிழலாக இருக்கட்டும். இந்தக் கதிர் கண்ணாடியை ஊடுருவாது, கம்பி வலையும் அதில் ஒரு பங்கைத் தடுத்துவிடும். டியூப் எரிந்துகொண்டே இருந்தாலும் யுவிபி நாளடைவில் குறைந்துவிடுவதால், ஆண்டுக்கு ஒருமுறையாவது மாற்ற வேண்டும். வெளிறிய அல்பினோ வகைகளுக்கு வெளிச்சம் கூசும். அவற்றுக்கு எல்லாவற்றையும் குறைத்தே கொடுங்கள்.

இரவு இரவாகவே இருக்க வேண்டும். பாம்புக்கு இமை கிடையாது. வெளிச்சம் வேண்டாமென்று கண்ணை மூடிக்கொள்ள அதனால் முடியாது. ஆகவே ஜீரோ வாட் பல்பு, நீல விளக்கு, சிவப்பு விளக்கு எதுவும் வேண்டாம். சிவப்பு பாம்புக்குத் தெரியாது என்று கடையில் சொன்னாலும் நம்பாதீர்கள். சாரல் இரவுகளில் சூடு தேவைப்பட்டால், ஒளி தராத பீங்கான் ஹீட்டரையோ ஹீட்டிங் மேட்டையோ, சூட்டைத் தானே கட்டுப்படுத்தும் தெர்மோஸ்டாட்டுடன் இணைத்து, ஒரு முனையில் 31, 32 டிகிரியும் மறுமுனையில் 26 டிகிரியும் இருக்கும்படி பார்த்துக்கொள்ளுங்கள். பாம்பு தொட முடியாதபடி பீங்கான் ஹீட்டருக்குக் கம்பிக்கூண்டு கட்டாயம். சுருண்டு ஒட்டிக்கொண்டால் தோல் வெந்துவிடும்.

இரு முனைகளிலும் உடம்பு முழுவதும் மறையும் அளவுக்கு ஒவ்வொரு மறைவிடம் வையுங்கள். விளக்கு அணைந்து ஒரு மணி நேரத்துக்குப் பிறகும் பாம்பு தலைகாட்டாமல், இரையையும் தொடர்ந்து மறுத்தால், முதலில் வெளிச்சத்தைக் குறைத்துப் பாருங்கள். கண் பால்போல் மங்கிச் சட்டை உரிக்கத் தயாராகும் நாட்களில் மட்டும் இந்தக் கணக்கு பொருந்தாது; அப்போது அது ஒதுங்கிக் கிடப்பது இயல்புதான்.