சாலை வருமுன் நத்தமேட்டை அகழ்வது எப்படி

வேலூர் வட்டாரத்தில் திருவலம், மேல்பாடி, படைவீடு பக்கத்து நத்தமேடுகளில், அதாவது பழங்காலத்தில் ஊர் இருந்த மேடுகளில், சோழர், சம்புவராயர் காலத்துக் குடியிருப்பு மண் பெரும்பாலும் உழவு மண்ணுக்கு அடியிலேயே தொடங்கிவிடும். அதனால் ஜேசிபி இறங்கும் முதல் அரைமணி நேரம்தான் ஆபத்து.

மத்தியத் தொல்லியல் துறையின் அனுமதியில்லாமல் குழி போடக் கூடாது. அது வந்ததும் சாலையின் வரைபடத்தை வாங்குங்கள். சிறுபாலமும் (கல்வெர்ட்) வடிகாலும் வரும் இடத்தில் கன்னிமண் வரை, அதாவது மனிதத் தடயமே இல்லாத இயற்கை மண் வரை, தோண்டியே ஆகவேண்டும். மண் கொட்டி உயர்த்தும் இடத்தில் ஆழத்தில் இருப்பதை அப்படியே மூடிக் காக்கலாம்.

பல் இல்லாத பக்கெட் பொருத்தி, ஒரு தடவைக்கு 5 முதல் 10 செ.மீ. மட்டும் வழியுங்கள். வண்டி பின்னோக்கியே நகரவேண்டும். வழித்த தரையில் சக்கரம் ஏறினால் தடயம் நசுங்கிவிடும். வீச்சுக்கு வெளியே நின்று ஒருவர் மண்ணையே பார்த்துக்கொண்டிருக்க வேண்டும். சாம்பல் நிறமோ கூரை ஓட்டுக் குவியலோ தெரிந்ததும் நிறுத்துங்கள். அதன்பின் கொத்துக்கரண்டியும் அன்னக்கூடையும்தான்.

வெயிலில் செம்மண் வெளுத்து, அடுக்குகள் ஒன்றுபோலத் தெரியும். மாலையில் மருந்து தெளிப்பானை நன்றாகக் கழுவித் தண்ணீர் தெளித்து, காலையில் சுரண்டி, வெயில் ஏறுமுன் படமெடுங்கள்.

ஆழத்தைக் குழியின் விளிம்பிலிருந்து அளக்காதீர்கள், விளிம்பு சரியும். சாலை வேலையில் பிடுங்கப்படாத நிலைப்புள்ளி ஒன்றைத் தூரத்தில் வைத்து அங்கிருந்து மட்டம் எடுங்கள்.

அதிகம் தடுமாறுவது சுவர் இல்லாத சுவரில்தான். பழைய செங்கல்லை ஊரார் பெயர்த்துப் போயிருப்பார்கள். செங்கல் துண்டும் சுண்ணாம்பும் நிரம்பிய நேர்ப்பள்ளம்தான் மிஞ்சும். வாய்க்கால் என்று நினைத்து நீளவாக்கில் அள்ளினால் வீட்டின் அமைப்பே போய்விடும். அரை மீட்டர் அகலத்தில் குறுக்கே வெட்டி, இருபுறமும் தரை வந்து முட்டுகிறதா என்று பாருங்கள்; முட்டினால் அது சுவர் இருந்த இடம்.

குப்பைக்குழியும் அப்படித்தான். அது கீழடுக்கை வெட்டிப் போயிருக்கும். இந்த வட்டாரத்தில் அடியில் இரும்புக்காலத்துக் கறுப்பு சிவப்புப் பானை ஓடுகள் இருக்கலாம். கடைசியாக வெட்டப்பட்டதை முதலில் எடுங்கள். முதலில் பாதியை மட்டும் தோண்டி வெட்டுமுகத்தை வரைந்த பிறகு மறுபாதி. வரிசை மாறினால் சீனப் பீங்கான் துண்டு இரும்புக்கால அடுக்கில் போய் உட்காரும், காலக்கணிப்பு முழுவதும் பிசகும்.

சல்லடை 5 மி.மீ.; அதைவிடப் பெரிய கண்ணில் மணிகள் நழுவிவிடும். செப்புக்காசைப் புளி போட்டுத் தேய்க்காதீர்கள், எழுத்து அழியும். உலரவிட்டு அமிலமற்ற காகித உறையில் வையுங்கள். கரியைக் கைபடாமல் அலுமினியத் தாளில் எடுங்கள். பஞ்சு வேண்டாம், அதுவே கரிமம். பையின் உள்ளே ஒன்று, வெளியே ஒன்று என இரண்டு சீட்டு. குழி, அடுக்கு, ஆழம், தேதியைப் பென்சிலால் எழுதுங்கள். பேனா மை ஈரத்தில் கரையும்.

விட்டுவைக்கும் சுவர்மேல் ஜியோடெக்ஸ்டைல் (நீர் கசியவிடும் செயற்கைத் துணி) விரித்து ஆற்றுமணல் பரப்புங்கள். முதல் சில அடுக்கு மண்ணுக்கு அதிர்வு ரோலர் ஓட்டக் கூடாது என்பதை ஒப்பந்தக்காரரிடம் எழுத்தில் வாங்குங்கள். அதிர்வில் சுண்ணாம்புச் சாந்து விட்டுப்போகும்.