சர்க்கரை நோய்க்கு உதவ வரும் நிறுவனக் குழுக்கள் தவிர்க்க வேண்டிய தவறுகள்

நவம்பர் 14, இன்சுலினைக் கண்டறிந்தவர்களில் ஒருவரான பிரெடரிக் பான்டிங்கின் பிறந்தநாள். உலக நீரிழிவு நாளும் அதுதான். அது நெருங்கினால் நிறுவனங்களின் தன்னார்வக் குழுக்களிலிருந்து எனக்கு அழைப்புகள் வரத் தொடங்கும். இந்த முறை வந்த ஓர் இளைஞர் குழு விரித்துக் காட்டிய திட்டம், நான் முதன்முதலில் போட்டு அசடு வழிந்த திட்டத்தின் நகல்போலவே இருந்தது. அனுமதி வாங்காதது, நாற்காலி போதாதது போன்றவற்றை ஒருமுறை பட்டால் தாமே திருத்திக்கொள்வார்கள். அவற்றை விடுகிறேன்.

குளுக்கோமீட்டர் கொடுத்துவிட்டு ஸ்டிரிப்பை மறப்பது

விரல்நுனி இரத்தத்தில் சர்க்கரை அளவு பார்க்கும் கருவியான குளுக்கோமீட்டர், நாங்கள் 150 கொடுத்தோம். ஒவ்வொரு பெட்டியிலும் 10 ஸ்டிரிப்புகள், அதாவது இரத்தத் துளியை வைக்கும் சோதனைப் பட்டைகள்; ஒரு சோதனைக்கு ஒன்று செலவாகும். புகைப்படம், கைதட்டல், ஆண்டறிக்கையில் அரைப் பக்கம். மூன்று மாதம் கழித்து, முதல் வகை நீரிழிவு உள்ள ஒரு சிறுமியின் வீட்டுக்குப் போனேன். அவளுடைய அம்மா துணியில் சுற்றிய கருவியை அலமாரியிலிருந்து எடுத்துக் காட்டினார். "பத்திரமாக வைத்திருக்கிறேன் சார்" என்றார். ஸ்டிரிப்புகள் மூன்றாம் நாளே தீர்ந்துவிட்டன.

கணக்கு மிகவும் எளிது. இன்சுலின் போடும் குழந்தைக்கு நாளைக்கு நான்கு முறையாவது பார்க்க வேண்டும். மாதத்துக்கு 120, ஆண்டுக்கு 1,460. நாங்கள் கொடுத்தது 10. போதாக்குறைக்கு, ஒரு கருவியின் ஸ்டிரிப் இன்னொன்றில் வேலை செய்யாது. அருகிலிருந்த மருத்துவ நிலையத்தில் கிடைத்தது வேறு வகை. முன்பே ஒரு வார்த்தை கேட்டிருந்தால் அந்த வகைக் கருவியையே வாங்கியிருப்போம்.

கேட்கத் தோன்றவே இல்லை என்று சொல்ல மாட்டேன். ஸ்டிரிப்புக்குத் தனியாக நிதி கேட்டேன். "அதில் நம் சின்னத்தை அச்சிட முடியாதே" என்றார் நிதி ஒதுக்கியவர். நானும் தலையாட்டிவிட்டு வந்தேன். இன்றும் நினைத்தால் எரிச்சல் வருகிறது. அதில் பாதி என்மேல்தான். 150 பேருக்கு மூன்று நாள் உதவுவதைவிட, பத்துப் பேருக்கு ஆண்டு முழுவதும் உதவியிருக்கலாம். என்ன, அறிக்கையில் எண் சிறியதாகத் தெரியும்.

இன்னொன்று: காலாவதி நெருங்கிய ஸ்டிரிப்புகளை 'நன்கொடை' என்று தள்ளிவிடுவார்கள். தேதியைப் பார்க்காமல் கையெழுத்துப் போடாதீர்கள்.

கழுவாத விரலில் குத்துவது

முகாம் ஒன்றில் ஒருவருக்குச் சர்க்கரை அளவு 280 காட்டியது. மனிதர் வியர்த்துப்போனார். சற்றுமுன் பழம் உரித்துத் தின்றிருக்கிறார். சோப்புப் போட்டுக் கை கழுவச் சொல்லிப் பார்த்தால் 118. பழச்சாறு ஒட்டிய விரலை ஸ்பிரிட் பஞ்சால் ஒருமுறை துடைப்பது போதாது. குத்தும் வேலையும் பயிற்சி பெற்றவருடையது. ஆளுக்குப் புது ஊசி வேண்டும், குத்தும் பேனாவையும் பொதுவில் பயன்படுத்தக் கூடாது. கல்லீரல் அழற்சி பி (ஹெபடைடிஸ் பி) கிருமி அப்படிப் பரவியிருக்கிறது. தன்னார்வலர் பதிவேடு எழுதட்டும், முதியவர்களைக் கைபிடித்து அழைத்து வரட்டும்.

எண்ணைச் சொல்லி அனுப்பிவிடுவது

விரல்நுனிச் சோதனை நோயை உறுதி செய்யாது; அதற்கு ஆய்வகச் சோதனை வேண்டும். எந்த மருத்துவர், எந்த நாள் என்று எழுதிய சீட்டு இல்லாமல் யாரையும் அனுப்பாதீர்கள்.

இன்சுலினை அலுவலகக் குளிர்பெட்டியில் வைப்பது

உறைந்த இன்சுலின் குப்பைக்குத்தான். திறக்காத இன்சுலினுக்கு 2 முதல் 8 டிகிரி செல்சியஸ். மருந்தாளுநரிடம் விட்டுவிடுங்கள்.

மேடையில் பழி சொல்வது

"இனிப்பு தின்றால் இப்படித்தான்" என்று ஓர் அதிகாரி பேசியபோது முன்வரிசையில் முதல் வகை நீரிழிவுக் குழந்தைகள் உட்கார்ந்திருந்தார்கள். அவர்களுடைய உடலின் எதிர்ப்பாற்றலே இன்சுலின் சுரக்கும் செல்களை அழித்துவிட்டது. இனிப்புக்கும் அதற்கும் தொடர்பில்லை. பேச வருபவரிடம் இதை முன்கூட்டியே சொல்லிவிடுங்கள்.

நடைப்பயணத்துக்கு டி-ஷர்ட் அச்சடிப்பது

வேண்டாம். அந்தப் பணத்துக்கு ஸ்டிரிப் வாங்குங்கள்.