நாலு பேர், மூன்று பலகாரம், எத்தனை ஆர்டர்?

சனிக்கிழமை காலை டியூசன் முடிந்து, கோலாலம்பூர் பிரிக்பீல்ட்ஸில் மாணவர்களோடு பசியாற உட்காரும்போதுதான் இந்தக் கணக்கு எனக்கு ஒழுங்காகச் சொல்ல வருகிறது. நாலு பேர். கடையில் தோசை, ரொட்டி சானாய், இடியாப்பம் என்று மூன்றே வகை. ஆளுக்கு ஒன்றே ஒன்று. எத்தனை விதமாக ஆர்டர் கொடுக்கலாம்?

பாதிப் பேர் 4³ = 64 என்பார்கள். சரி, தேர்ந்தெடுப்பது யார், ஆளா பலகாரமா? ஆள்தானே! ஒவ்வொருவருக்கும் 3 வழி; ஆகவே 3⁴ = 81. ஆளுக்கு ஒன்றே ஒன்று என்று பொருத்துவது, கணிதத்தில் சார்பு (function) என்பது இதுதான்.

ஆளையும் பலகாரத்தையும் எப்படி வேண்டுமானாலும் இணைக்கும் தொடர்புக்கு (relation) இந்தக் கட்டுப்பாடு கிடையாது. ஒருவர் மூன்றையும் சொல்லலாம், டயட் என்று சும்மாவும் இருக்கலாம். ஆள்-பலகாரம் சோடிகள் 12. ஒவ்வொன்றும் உண்டு அல்லது இல்லை. 2¹² = 4096. சிலர் 12 என்று எழுதி நிறுத்திவிடுகிறார்கள். அது சோடிகளின் எண்ணிக்கை மட்டுமே.

மூன்று வகையும் மேசைக்கு வந்தாக வேண்டும் என்றால், அதாவது மேற்கோர்த்தல் சார்பு என்றால், நன்றாகப் படிப்பவர்களே சறுக்குகிறார்கள். "பலகாரத்துக்கு ஓர் ஆளைப் பிடித்தால் 4×3×2 = 24; மிச்சமிருப்பவர் எதையும் சொல்லட்டும், மூன்றால் பெருக்கு, 72." கேட்க நியாயமாகத்தான் இருக்கிறது. ஆனால் தோசை சொன்ன இருவரில் யார் பிடித்த ஆள், யார் மிச்சம்? மாற்றிப் போட்டாலும் அதே ஆர்டர். எல்லாமே இரண்டு தடவை எண்ணப்பட்டுவிட்டன. விடை 36.

நம்பாதவர்கள் கழித்துப் பார்க்கலாம். ஒரு குறிப்பிட்ட வகை வராத ஆர்டர் 2⁴ = 16; மூன்று வகைக்கும் 48. 81 − 48 = 33. அப்புறம், எல்லோரும் ஒரே பலகாரம் சொன்ன 3 ஆர்டரும் இருமுறை கழிந்திருக்கும். ஒருமுறை திரும்பச் சேர்க்க வேண்டும். இதை மறந்து 33லேயே நின்ற விடைத்தாள்களை நிறையத் திருத்தியிருக்கிறேன்.

எண்ணுவதில் மட்டுமல்ல, வளைவின் கீழ்ப் பரப்பு காணும் தொகையிடலிலும் (integration) சறுக்கல்கள் உண்டு. அடிக்கடி பார்ப்பது, சைன் வர்க்கத்துக்கு விடையாகச் சைன் கனத்தை 3ஆல் வகுத்து எழுதுவது. 0 முதல் பை வரை போட்டுப் பாருங்கள், பூச்சியம் வரும். கோட்டுக்கு மேலேயே இருக்கும் வளைவுக்குப் பரப்பு பூச்சியமா? இரட்டைக் கோணத்துக்கு மாற்றித் தொகையிட்டால் பையில் பாதி கிடைக்கும்.

சைன் பெருக்கல் கொசைனுக்கு ஒருவன் சைன் வர்க்கத்தில் பாதி என்றான். பக்கத்திலிருந்தவள் கொசைன் வர்க்கத்தில் பாதிக்குக் கழித்தல் குறி போட்டாள். அவளைப் பார்த்து அவன் தன் விடையை அழிக்கப் போனான். இரண்டும் சரி, இரண்டுக்கும் இடையிலுள்ள வித்தியாசமான அரை, தொகையிட்ட விடையின் கடைசியில் கூட்டும் மாறிலிக்குள் அடங்கிவிடும். அந்த மாறிலியை எழுதாததற்குத்தான் இருவருக்கும் மார்க் போனது.