கர்ப்பத்தில் கால் குடைச்சலும் கை நடுக்கமும்: தவிர்க்க வேண்டிய தவறுகள்

இரண்டாவது பிள்ளையைச் சுமந்த ஏழாம் மாதத்தில், நடு இரவில் எங்கள் வீவக (சிங்கப்பூர் அரசு அடுக்குமாடி) வீட்டுத் தாழ்வாரத்தில் நடந்துகொண்டிருப்பேன். படுத்தால் கெண்டைக்காலுக்குள் ஏதோ ஊர்வது போல இருக்கும், எழுந்து நடந்தால் அடங்கும். "பிள்ளை கனத்தா அப்படித்தாம்மா இருக்கும், எண்ணெய் தேய்ச்சுக்கோ" என்றார் மாமியார். மூன்று வாரம் தேய்த்தேன், மருத்துவரிடம் வாய் திறக்கவில்லை. இன்றைக்கும் அதை நினைத்தால் வருத்தமாக இருக்கிறது.

அமைதியற்ற கால் நோய் என்று அதற்குப் பெயர். கர்ப்பிணிகளில் ஏறக்குறைய ஐந்தில் ஒருவருக்கு வரும், கடைசி மூன்று மாதங்களில் கூடும், பெரும்பாலும் பிரசவத்துக்குப் பின் தணியும். இரும்புச்சத்துக் குறைவுக்கும் இதற்கும் நெருங்கிய தொடர்பு உண்டு. ஹீமோகுளோபின் சரியாக இருக்கிறது என்பதோடு நின்றுவிடாதீர்கள். உடலின் இரும்புச் சேமிப்பைக் காட்டுவது ஃபெரிட்டின் என்ற இன்னொரு சோதனை. அது லிட்டருக்கு 75 மைக்ரோகிராமுக்குக் கீழே இருந்தால், இந்தக் குடைச்சல் உள்ள கர்ப்பிணிக்கு இரும்பு மாத்திரை தருவது வழக்கம். பலதுறை மருந்தகத்திலோ மகப்பேற்று மருத்துவரிடமோ கேட்டு எடுங்கள். அப்புறம், மாத்திரையைப் போட்ட கையோடு தே தாரிக் குடித்தால் பாதிப் பலன் போய்விடும். எலுமிச்சைச் சாறோடு போடுங்கள்.

அடுத்தது வாந்தி மாத்திரை. மெட்டோகுளோபிரமைடு என்ற வாந்தி மாத்திரை, மூளையில் அசைவைச் சீராக்கும் டோபமின் என்ற வேதிப்பொருளைத் தடுப்பதால் இந்தக் குடைச்சலைக் கூட்டும். அபூர்வமாகச் சிலருக்கு, அதிலும் இளம் பெண்களுக்கு, கழுத்து ஒரு பக்கம் இழுத்துக்கொள்ளும், கண் மேலே செருகும். பார்ப்பவர்கள் வலிப்பு என்று பதறிவிடுவார்கள். உடனே மருத்துவமனைக்குப் போனால் ஊசி போட்டுச் சரிசெய்வார்கள். மாத்திரையின் பெயரை மறக்காமல் சொல்லுங்கள். தூக்கம் வரவைக்கும் சளி, அரிப்பு மாத்திரைகளும் கால் குடைச்சலைக் கூட்டலாம்.

ஏற்கெனவே நோய் உள்ளவர்கள் செய்யும் பெரிய தவறு, கர்ப்பம் என்று தெரிந்ததும் எல்லா மாத்திரையையும் தாங்களே நிறுத்துவது. உடலில் செம்பு தேங்கும் வில்சன் நோயில் அப்படி நிறுத்தினால் கல்லீரலே செயலிழக்கலாம். அதற்காக எல்லா மருந்தும் பாதுகாப்பு என்றும் இல்லை. தசைத் துடிப்புக்குத் தரும் வால்ப்ரோயேட்டைக் கர்ப்பத்தில் எடுத்தால் சுமார் பத்தில் ஒரு குழந்தைக்குப் பிறவிக் குறை வரும். குழந்தையின் மூளையும் தண்டுவடமும் உருவாகும் நரம்புக் குழாய் கரு உருவான 28 நாளுக்குள் மூடிவிடுகிறது, அதற்குள் பலருக்குக் கர்ப்பமே தெரிந்திருக்காது. அதனால்தான் பிள்ளைக்கு முயற்சி செய்யும் முன்பே நரம்பியல் மருத்துவரைப் பார்க்கச் சொல்கிறேன். நிறுத்தவும் வேண்டாம், மாற்றிக்கொள்ள நாள் கொடுங்கள்.

நடுக்கமும் உடல் இறுக்கமும் தரும் பார்க்கின்சன் நோயுள்ள கர்ப்பிணிக்கு, மூளையில் டோபமினாக மாறும் லெவோடோபா மருந்தைத்தான் பெரும்பாலும் தேர்ந்தெடுப்பார்கள், அமன்டடின் என்ற மருந்தைத் தவிர்ப்பார்கள். லெவோடோபாவையும் இரும்பு மாத்திரையையும் சேர்த்துப் போட்டால் இரும்பு அதைப் பிடித்துக்கொள்ளும். இரண்டு மணி நேரமாவது இடைவெளி விடுங்கள். பூனைக்காலி விதைப் பொடியில் இயற்கையாகவே லெவோடோபா இருக்கிறது, மருத்துவரிடம் சொல்லாமல் அதைத் தொடாதீர்கள்.

திடீரென்று கைகால்கள் ஆடுவது போல அசைய ஆரம்பித்தால் மனக்குழப்பம் என்று ஒதுக்கக் கூடாது. லூபஸ் (நோய் எதிர்ப்பு சக்தி சொந்த உடலையே தாக்கும் நோய்), வாதக் காய்ச்சல் போன்ற காரணம் இருக்கலாம், அன்றே காட்டுங்கள். கை நடுக்கம் புதிதாக வந்தால் தைராய்டைப் பார்க்கச் சொல்லுங்கள்.

பிரசவத்துக்குப் பின் இன்னொரு குழப்பம். மாத்திரை சாப்பிடுகிறாய், தாய்ப்பால் கொடுக்காதே என்று பெரியவர்கள் சொல்லிவிடுவார்கள். நடுக்கத்துக்கான ப்ரோப்ரனலால் பாலில் மிகக் குறைவாகவே சேரும், பெரும்பாலான தாய்மார்கள் பால் கொடுக்கலாம். டோபமினைப் போல வேலை செய்யும் கேபர்கோலின், ப்ரமிபெக்சால் போன்ற மருந்துகள் பால் சுரப்பையே குறைத்துவிடும். பால் வரவில்லை என்று பூண்டும் சுறாப் புட்டுமாகப் பத்தியம் வைப்பதற்கு முன் மாத்திரைச் சீட்டைப் பாருங்கள். குளோனசிபாம் போன்ற தூக்கம் தரும் மருந்து எடுத்தால் படுத்தபடி பால் கொடுக்காதீர்கள், குழந்தையைப் பக்கத்தில் போட்டுத் தூங்காதீர்கள். குழந்தை வழக்கத்தைவிட அதிகம் தூங்கினாலோ பால் குடிக்கச் சோம்பினாலோ உடனே மருத்துவரிடம் தூக்கிக்கொண்டு போங்கள்.