மழைக்காடு ட்ரிப்: எந்தக் காட்டுக்குப் போறதுன்னு எப்படி முடிவு பண்றது (முதல் தடவை போறவங்களுக்கு)

மழைக்காட்டுக்குப் போகணும்னு கேட்டு வர்றவங்க எல்லாருமே ஒரு ஊர் பேரோடதான் வர்றாங்க. வால்பாறையா ஆகும்பேயா சைலன்ட் வேலியான்னு. நானும் அப்படித்தான் ஆரம்பிச்சேன். 2017 ஜூலைல லீவு கிடைச்சுது, நெட்ல ஒரு டூர் பேக்கேஜ்ல "ரெயின்ஃபாரஸ்ட் சஃபாரி"ன்னு போட்டிருந்துச்சு, காசு கட்டிட்டுப் போனேன், ரெண்டு நாளும் வண்டி ஓடுனது தேக்குத் தோட்டத்துக்கு நடுவுல. புள்ளிமான் பார்த்தேன், மயில் பார்த்தேன். ரெண்டும் அழகுதான், ஆனா நான் தேடிப்போனது சோலைமந்தி, சிங்கவால் குரங்குன்னு சொல்வாங்களே அது. தேக்கங்காட்டுல அதுக்கு வேலையே இல்லன்னு வீட்டுக்கு வந்து படிச்சப்புறம்தான் தெரிஞ்சுது. ஜூலைல தேக்கும் பச்சைப்பசேல்னு இருக்கறதால அங்க நிக்கும்போது எனக்கு வித்தியாசமே புரியலை. அதுக்கப்புறம் ஒவ்வொரு ட்ரிப்புக்கும் முன்னாடி நான் என்ன பண்றேனோ அதை அப்படியே கீழ எழுதிருக்கேன்.

1. முதல்ல எந்த உயிரைப் பார்க்கணும்னு முடிவு பண்ணுங்க

புலி, யானைக்கூட்டம்தான் வேணும்னா மழைக்காடு வேண்டாம், முதுமலை, பந்திப்பூர், கபினி பக்கம் போங்க, அங்க காடு கொஞ்சம் திறந்திருக்கும், கண்ணுக்கு எட்டும். மழைக்காட்டுல மரம் முப்பது நாப்பது மீட்டர் போகும், பாதி வாழ்க்கை மேலதான் நடக்குது, கீழ நின்னு அண்ணாந்து பார்த்தே கழுத்து வலிக்கும்.

சோலைமந்தி, கருமந்தி (நீலகிரி லங்கூர் குரங்கு), இருவாச்சி (ஹார்ன்பில், பெரிய அலகு இருக்கிற பறவை) இதெல்லாம் வேணும்னா என் ஓட்டு வால்பாறைக்குத்தான். இருவாச்சி மட்டும்னா அதிரப்பள்ளி - வாழச்சால் ரோடும் நல்லது, அங்க பெரிய இருவாச்சியோட மலபார் கருப்பு வெள்ளை இருவாச்சியும் இருக்கு. தவளைவாயன் (ஃபிராக்மவுத்) பறவைக்கு எர்ணாகுளம் ஜில்லால இருக்கிற தட்டேக்காடு. 1983ல சரணாலயம் ஆனது, வெறும் 25 சதுர கிலோமீட்டர்தான், ஆனா பறவை பார்க்கறவங்களுக்கு சொர்க்கம். தவளை, பாம்புல ஆர்வம்னா கர்நாடகாவுல ஆகும்பே, ராஜநாகத்துக்குப் பேர் போன ஊர். இலங்கைல இருக்கறவங்களுக்கும் அங்க போற பிளான் இருக்கறவங்களுக்கும் சிங்கராஜா. அங்க காடு அரைமணி நேரம் சத்தமே இல்லாம கிடக்கும், திடீர்னு பத்து பன்னெண்டு ஜாதிப் பறவைங்க ஒண்ணா ஒரே கூட்டமா வந்து தலைக்கு மேல கடந்து போகும். ஒராங்குட்டான்தான் வேணும்னா மலேசியாவோட சபால கினபத்தாங்கன் ஆறு, படகுல உக்காந்தே பார்க்கலாம், நடக்க முடியாத பெரியவங்களைக் கூட்டிட்டுப் போறதா இருந்தா அதுதான் வசதி.

2. அது நிஜமாவே மழைக்காடான்னு பாருங்க

நான் ஏமாந்தது இந்த இடத்துலதான், அதனால கொஞ்சம் நீட்டியே சொல்றேன்.

ஒரு சரணாலயத்துக்குள்ள எல்லா வகைக் காடும் இருக்கும். ஆனைமலைப் புலிகள் காப்பகத்துல முள்காடு இருக்கு, இலையுதிர் காடு இருக்கு, மழைக்காடு இருக்கு, மேல போனா சோலையும் (மலை உச்சிப் பக்கம் இருக்கிற குட்டையான பசுமைமாறாக் காடு) புல்வெளியும் இருக்கு. நம்மளை எந்தப் பகுதிக்குள்ள விடறாங்கங்கறதுதான் கேள்வி, போர்டுல என்ன பேர் எழுதிருக்குங்கறது இல்ல.

கம்ப்யூட்டர்ல கூகுள் எர்த் திறங்க (போன்ல வேண்டாம், பழைய படம் தேடறது கம்ப்யூட்டர்லதான் சுலபம்). சஃபாரி ரூட்டையோ டிரெக்கிங் பாதையையோ கண்டுபிடிங்க. மேல கடிகாரம் மாதிரி ஒரு பட்டன் இருக்கும், அதை அமுக்கினா பழைய வருஷப் படமெல்லாம் வரும். அதுல பிப்ரவரி கடைசி, மார்ச் மாசப் படமாப் பார்த்து எடுங்க. அந்த நேரத்துல தேக்கும் மத்த இலையுதிர் மரங்களும் மொட்டையா நிக்கும், படத்துல சாம்பலும் பழுப்புமாத் தெரியும். மழைக்காடு மட்டும் அப்பவும் கரும்பச்சையா, காலிஃபிளவரை மேல இருந்து பார்த்த மாதிரி குமிழ் குமிழா இருக்கும். பழகறதுக்கு அதே ஆனைமலைக் காப்பகத்துல இருக்கிற டாப்ஸ்லிப்பை எடுத்துக்கங்க. சுத்தி பழுப்பு, பக்கத்துலயே கரியன் சோலை மட்டும் கரும்பச்சை. ஒருதடவை பழுப்பும் பச்சையும் பிரியற அந்த எல்லைக்கோட்டைப் பார்த்துட்டீங்கன்னா அப்புறம் எந்தக் காட்டையும் நீங்களே படிச்சுடலாம்.

அப்டேட்: இதை முதல்ல போட்டப்போ ஒருத்தர் கமென்ட்ல "நீங்க சொன்ன மாதிரி மார்ச்ல பச்சையா இருந்துச்சு, போய்ப் பார்த்தா யூகலிப்டஸ் தோப்பு"ன்னு எழுதிருந்தார். அவர் சொன்னது சரி, நான்தான் அதைச் சொல்லாம விட்டுட்டேன். யூகலிப்டஸ் இலை உதிர்க்காது. எஸ்டேட்காரங்க விறகுக்காக நட்டு வெச்சிருப்பாங்க. நல்லா பெருசு பண்ணிப் பார்த்தா எல்லா மரமும் ஒரே அளவு, வரிசையா இருக்கும், ஓரம் ஸ்கேல் வெச்சுக் கோடு போட்ட மாதிரி நேரா இருக்கும். தேயிலை இளம்பச்சையா வாரி விட்ட தலை மாதிரி வழுவழுன்னு தெரியும். காப்பித் தோட்டம்தான் கஷ்டம், நிழல்மரம் இருக்கறதால காடு மாதிரியே ஏமாத்தும். குமிழ்க்கு நடுவுல சீரான இடைவெளி இருந்தா சந்தேகப்படுங்க.

3. மாசம்

மேற்குத் தொடர்ச்சி மலைக்கு டிசம்பர்ல இருந்து ஏப்ரல் வரைக்கும் நல்ல நேரம். ஜூன்ல இருந்து செப்டம்பர் தென்மேற்கு மழை. ஆனா தவளைக்குப் போறீங்கன்னா கதையே தலைகீழ், மழை புடிச்சப்புறம்தான் போகணும், மலபார் பறக்கும் தவளை அப்பத்தான் தண்ணிக்கு மேல இருக்கிற இலைல நுரைக்கூடு கட்டும். சிங்கராஜாவுக்கு ஜனவரில இருந்து ஏப்ரல் தொடக்கம் வரைக்கும், இல்லன்னா ஆகஸ்ட் செப்டம்பர்.

இருவாச்சி பத்தி ஒண்ணு சொல்லியாகணும். டிசம்பர் ஜனவரி வாக்குல பெண் பறவை மரப்பொந்துக்குள்ள போய் வாசலை அடைச்சுக்கும், சின்ன இடுக்கு மட்டும் விட்டிருக்கும், குஞ்சு வளர்ற வரைக்கும் ஆண்தான் பழம் கொண்டுவந்து ஊட்டணும். நீங்க கேமராவோட அந்த மரத்துக்கடியில நின்னா ஆண் பக்கத்துல வராது, உள்ள இருக்கிறது பட்டினி. கூடு காட்டறேன்னு எவ்வளவு ஆசை காட்டினாலும் அந்த கைடு வேண்டாம். பழம் இருக்கிற மரத்துப் பக்கம் தள்ளி நின்னு பாருங்க, அதுவே போதும்.

4. மேப்ல இருக்கிற புள்ளியை நம்பி ரூம் போடாதீங்க

எந்தப் பறவை எந்த மாசம் எங்க இருக்கும்னு பார்க்க எனக்கு இ-பேர்ட்தான் (eBird, பறவை பார்க்கறவங்க பார்த்ததைப் பதிவு பண்ற வெப்சைட்) பிடிக்கும், அதுல ஒவ்வொரு இடத்துக்கும் மாசவாரியா பார் சார்ட் இருக்கு, அதைப் பார்த்தாலே பாதி பிளான் முடிஞ்சுது. மத்த உயிருங்களுக்கு ஐநேச்சுரலிஸ்ட் (iNaturalist), அதுவும் அதே மாதிரிதான், பார்த்த இடம் மேப்ல புள்ளியா வரும். ஆனா ஐநேச்சுரலிஸ்ட்ல அழியற நிலைல இருக்கிற உயிருங்களோட இடத்தை வேணும்னே கலைச்சு காட்டுவாங்க, வேட்டைக்காரங்க கைல சிக்கக்கூடாதுன்னு. புள்ளி நிஜ இடத்துல இருந்து இருபது கிலோமீட்டர் தள்ளிக்கூட இருக்கலாம். இது தெரியாம ஒரு புள்ளியை நம்பி ஒரு தேயிலைக்காட்டு நடுவுல காலைல ஆறு மணிக்குப் போய் நின்னேன். இலை பறிக்க வந்த ஒரு அக்கா "என்ன தம்பி தேடறீங்க"ன்னு கேட்டாங்க, சொன்னேன். "மந்தியா? அது புதுத்தோட்டத்துலல்ல இருக்கும், ரோட்டு மேலயே பார்க்கலாமே"ன்னு கையைக் காட்டினாங்க. அந்த ஊர்ல தினமும் நடக்கிறவங்களுக்குத் தெரியறது எந்த ஆப்புக்கும் தெரியாது. போறதுக்கு முன்னாடி தங்கற இடத்துக்கு போன் போட்டு "போன வாரம் என்ன பார்த்தீங்க"ன்னு கேளுங்க. டக்குனு பதில் வந்தா நல்ல இடம். "எல்லாமே பார்க்கலாம் சார்"னு சொன்னா வேற இடம் தேடுங்க.

5. போறது, தங்கறது

வால்பாறைக்கு ஆழியார்ல இருந்து 40 கொண்டை ஊசி வளைவு. ஒன்பதாவது வளைவு பக்கம் பாறைல வரையாடு நிக்கும், மெதுவா போங்க. இ-பாஸ் எடுத்துட்டுக் கிளம்புங்க, செக்போஸ்ட்ல ராத்திரி விடமாட்டாங்க. இருட்டுனப்புறம் வால்பாறை ரோட்டுல நடக்கவே கூடாது. யானை பக்கத்துல வந்தா எச்சரிக்க சிவப்பு லைட் வெச்சிருக்காங்க, அது எரிஞ்சா அந்தப் பக்கம் போகாதீங்க. கேரளாவுல பாலக்காடு ஜில்லால இருக்கிற சைலன்ட் வேலிக்கு முக்காலிங்கற ஊர்ல இருந்து வனத்துறை ஏற்பாடு பண்ற ஜீப்லதான் போகணும், இஷ்டத்துக்கு நடக்க முடியாது, இருந்தாலும் அந்தக் காட்டுக்காக ஒருதடவையாவது போகணும்னு நான் சொல்வேன். தட்டேக்காட்டுல உள்ளூர் கைடு இல்லாம போறது வீண்.

6. என்ன எடுத்துட்டுப் போறது

பைனாகுலர் 8×42 (8ங்கறது எத்தனை மடங்கு பெருசாக் காட்டும்னு, 42 முன் லென்ஸோட அகலம், மில்லிமீட்டர்ல). 10×42 நல்லதுன்னு கடைல சொல்வாங்க, வாங்காதீங்க, காட்டுக்குள்ள வெளிச்சம் கம்மி, 8ல படம் பளிச்சுனு தெரியும், கையும் ஆடாது, பறவையை சீக்கிரம் புடிக்கலாம். அட்டைக்கு முட்டி வரைக்கும் வர்ற துணி சாக்ஸ் ரெண்டு ஜோடி. ஒட்டிக்கிட்டா நகத்தால ஓரமா வழிச்சு எடுங்க, நெருப்பு வைக்காதீங்க. பளிச் கலர் சட்டை, சென்ட் ரெண்டும் வேண்டாம்.

அன்னைக்கு அந்த அக்கா சொன்ன புதுத்தோட்டத்துக்கு ஏழரை மணிக்குப் போய்ச் சேர்ந்தேன். ரோட்டுக்கு மேல இந்தப் பக்க மரத்துக்கும் அந்தப் பக்க மரத்துக்குமா பழைய தீயணைப்பு ஹோஸ் பைப்பைப் பின்னிக் கட்டிருக்காங்க, வண்டில அடிபடாம மந்திங்க கடக்கறதுக்கு. ஒரு தாய் வயித்துல குட்டியை ஒட்டிக்கிட்டு அது மேல மெதுவா வந்துச்சு. கருப்பு முகம், சுத்தி சாம்பல் பிடரி, வால் நுனில சின்ன குஞ்சம். நடுவுல நின்னு கீழ போற பஸ்ஸைப் பார்த்துட்டு அந்தப் பக்கம் போய்டுச்சு. பின்னாலயே பதினோரு பேர் கடந்து போனாங்க, நான் எண்ணினேன்.