மேற்கோள் குறி செய்த குளறுபடி

விண்ணப்பக் கட்டுரையைப் படிவத்தில் ஒட்டினால், மேற்கோள் குறி இருந்த இடமெல்லாம் மும்மூன்று குப்பை எழுத்துகள். எழுத்து வரம்பும் தாண்டிவிட்டதாம். இரண்டு நாள் வாக்கியங்களை வெட்டினேன், உலாவியை மாற்றினேன். ம்ஹூம்.

அப்புறம்தான் கவனித்தேன்: ஒரே ஒரு குறி மட்டும் ஒழுங்காக இருந்தது. அது படிவத்திலேயே நேரடியாகத் தட்டியது. மற்றவை மைக்ரோசாஃப்ட் வேர்டிலிருந்து வந்தவை. வேர்ட், நேரான மேற்கோள் குறியை (") தானாகவே வளைந்த குறியாக (“ ”) மாற்றிவிடுகிறது. எழுத்துகளைக் கணினியில் பைட்டுகளாகச் சேமிக்கும் யூடிஎஃப்-8 முறையில் வளைந்த குறிக்கு 3 பைட், நேர்க்குறிக்கு 1. படிவம் அந்த மூன்றையும் தனித்தனி எழுத்தாகப் படித்திருக்கிறது. நீளக் கோடும் (—) இதே ரகம்தான்.

வேர்டின் தானியங்கித் திருத்தத்தில் அந்த வசதியை அணைத்தேன். பிறகு தேடும் பெட்டி, மாற்றும் பெட்டி இரண்டிலும் அதே நேர்க்குறியை இட்டு எல்லாவற்றையும் மாற்றினேன். நீளக் கோடுகளில் பாதிக்குக் காற்புள்ளியே போதுமாக இருந்தது. சொல்லப்போனால் அதுதான் படிக்கவும் நன்றாக இருந்தது. அப்பாடா, வெட்டிய வாக்கியங்களும் திரும்ப உள்ளே வந்துவிட்டன.