எச்-1பி விசா: இனிக் கனடாவில் அல்ல, கொழும்பில்தான்

அமெரிக்காவில் எச்-1பி என்ற தொழில் விசாவில் வேலை செய்யும் எங்கட யாழ்ப்பாணப் பிள்ளைகள், டொரோண்டோவில் சித்தி வீட்டுக்குப் போகிற சாட்டில் அங்கேயே விசா குத்திவரலாம் என்று இன்னும் நினைக்கிறார்கள். அது இப்போது சரிவராது. சொந்த நாட்டிலோ வசிக்கும் நாட்டிலோதான் நேர்முகத்துக்குத் திகதி எடுக்க வேண்டும் என்று 2025 செப்டம்பரில் அமெரிக்க வெளியுறவுத்துறை அறிவித்துவிட்டது. ஆகவே ஊருக்கு வாருங்கள்.

முதலில் டிஎஸ்-160, அதாவது இணையத்தில் நிரப்பும் விசா விண்ணப்பப் படிவம். எங்கட ஆட்களுக்குச் சிக்கல் வருவது பெயரில்தான். அப்பாவின் பெயர் எது, சொந்தப் பெயர் எது என்று யோசிக்காமல் பாஸ்போர்ட்டில் உள்ளபடியே எழுத்துக்கு எழுத்து அடியுங்கள், எச்-1பி அனுமதி கிடைத்ததற்கான ஐ-797 தாளிலும் அதே எழுத்துகளா என்று விரல் வைத்துப் பாருங்கள். 205 டொலர் கட்டித் திகதி கிடைத்த பிறகுதான் விமான டிக்கெட். விசாப் படத்தில் மூக்குக்கண்ணாடி கூடாது.

நேர்முகத்துக்கு முதல் நாளே போய் வெள்ளவத்தையில் தங்குங்கள். இரவு பஸ்ஸில் நித்திரை முழித்து நேரே கொள்ளுப்பிட்டி அமெரிக்கத் தூதரகத்தில் போய் நின்றால், என்ன வேலை, எவ்வளவு சம்பளம் என்ற சின்னக் கேள்விக்கே மறுமொழி தடுமாறும். கம்பனிக் கடிதமும் கடைசிச் சம்பளச் சீட்டுகளும் கையில் இருக்கட்டும்.

விசாவை உடனே தராமல் மேலதிக ஆவணம் கேட்கும் 221ஜி தாள் தந்தால் பதறாமல் கேட்ட ஆவணத்தைக் கொடுங்கள். வாரக்கணக்கில் இழுக்கலாம், லீவைக் கொஞ்சம் தாராளமாகவே கேளுங்கள்.